தனிக்குடித்தனம் வந்து ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்தோம், "தனிச் சமையல் இல்லை" என்று தள்ளுபடி ஆகிவிட்டது. அடுத்து என்ன செய்வது?

லைன்வீட்டு அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொங்குப் பக்கம் ஒரு ஊர். கல்யாணமாகி ஆறு வருஷம் மாமனார் வீட்டில் ஒன்றாக இருந்தோம், என் பெயர், வீட்டுக்காரர் பெயர், பெரியவள் பெயர் மூன்றும் மாமனார் கார்டில் இருந்தன. சின்னவன் பிறந்த பிறகு இடம் பத்தாமல் ஒற்றை அறை லைன் வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். அவர் லோடு ஏற்றுகிற வேலை, நான் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு செக்கிங். வேலை இருக்கிற வாரம் சாப்பாடு, இல்லாத வாரம் கடன்.

தனிக் கார்டு போடலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனால், ஆதார் எண்ணை அடித்ததுமே "ஏற்கெனவே வேறு அட்டையில் உள்ளது" என்று வந்தது. பெயரை நீக்கலாம் என்றால் மாமனார் கார்டில் பதிந்திருந்தது கொழுந்தனாரின் பழைய நம்பர், அது எப்போதோ செத்துப்போய்விட்டது, ஓ.டி.பி. வரவில்லை. அதை மாற்ற அலைந்து, பெயரை நீக்கி, புதிதாக விண்ணப்பித்தோம். சரி, வந்துவிடும் என்று இருந்தோம். கள ஆய்வுக்கு ஆள் வந்தபோது நான் கம்பெனியில். பக்கத்து வீட்டுக்காரர் "அவங்க அம்மா வீட்லதான் சாப்பிடுவாங்க" என்று எதார்த்தமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் வரும்போது பிள்ளைகள் அம்மா வீட்டில் சாப்பிடுவார்கள், அதைத்தான் அவர் சொன்னார். "தனிச் சமையல் இல்லை" என்று தள்ளுபடி.

இப்போது பழைய கார்டிலும் பெயர் இல்லை, புதுக் கார்டும் இல்லை. ஏழு மாசமாக அரிசியிலிருந்து எண்ணெய் வரை எல்லாம் வெளிக்கடையில்தான். வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேன் என்கிறார். புரோக்கர் ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் முன்னுரிமைக் கார்டே வாங்கித் தருகிறேன் என்கிறார். திரும்ப விண்ணப்பிக்கலாமா, மனு கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வழங்கல் ஊழியர்:

அம்மா, முதலில் அந்த மூவாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அரிசிக் கார்டுக்கு வருமானச் சான்றுகூடக் கேட்பதில்லை. டி.என்.பி.டி.எஸ். என்கிற தமிழ்நாடு பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. எந்தக் கார்டு என்பதை முடிவு செய்கிற இடத்தில் புரோக்கருக்கு வேலையே கிடையாது, நீங்கள் நடக்க வேண்டிய நடையை உங்கள் பெயரில் அவர் நடப்பார், அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் துறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், தமிழ்நாட்டில் கார்டு மறுக்கப்படுவது பெரும்பாலும் வசதியைப் பார்த்து இல்லை. இங்கே எல்லோருக்குமான பொது விநியோகம்தான். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்து, நம் மாநிலத்தில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. ஆய்வுக்கு வருகிற குடிமைப்பொருள் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பார்ப்பது ஒன்றே ஒன்று: இது உண்மையிலேயே தனிக் குடும்பமா, தனி அடுப்பு எரிகிறதா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணன் தம்பி ஆளுக்கொரு கார்டு வாங்குவதைத் தடுக்கத்தான் இது வந்தது. ஆனால் ஒரே அறையில் குடியிருப்பவர்களுக்குத் தனிச் சமையலறை எங்கிருந்து வரும்? கட்டில் ஓரத்தில் பலகை போட்டு அடுப்பு வைத்திருந்தாலும் அது தனிச் சமையல்தான். அதை நேரில் பார்க்க வைக்க வேண்டும், அங்கேதான் உங்களுக்குத் தவறிவிட்டது.

நான் சொல்கிற வழி: புதிதாக விண்ணப்பத்தைப் போடுங்கள். அந்தப் பதிவு எண்ணோடு வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். மாசத்தில் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும், எந்த ஊரில் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அங்கே கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். மனுவில் புலம்பல் வேண்டாம். எந்தத் தேதியில் குடிவந்தீர்கள், எந்தத் தேதியில் பழைய கார்டில் பெயர் நீக்கப்பட்டது, ஆய்வின்போது வேலைக்குப் போயிருந்தேன், மறு ஆய்வு வேண்டும், இந்த நேரங்களில் வீட்டில் இருப்பேன், இந்த எண்ணில் கூப்பிடலாம். இவ்வளவு போதும். 1967 என்கிற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டும் ஒரு புகார் பதிந்து வையுங்கள்.

இ-சேவை நண்பன்:

அக்கா, மையத்தில் உட்கார்ந்து தினமும் இதைப் பதிகிறவன் நான், அதனால் விண்ணப்பத்தில் எங்கே வழுக்குகிறது என்று மட்டும் சொல்கிறேன். ஆதாரில் முகவரி இன்னும் மாமனார் வீடாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், விண்ணப்பத்தில் ஒரு முகவரி ஆதாரில் ஒரு முகவரி என்றால் ஆய்வுக்கு வருவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடும். ஓனர் ஒப்பந்தம் தராவிட்டால் அதோடு முடிந்துவிடாது, இந்த முகவரியில் வங்கிப் பாஸ்புக் இருந்தால் அது, கேஸ் புத்தகம் இருந்தால் அது. கேஸ் இல்லை என்றால் இல்லை என்றே போடுங்கள், சிலிண்டர் இல்லாத வீட்டுக்கும் கார்டு உண்டு. சிலர் பயந்துகொண்டு மாமியார் வீட்டு கேஸ் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள், அது நேராகப் பழைய வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

குடும்பத் தலைவராக உங்கள் பெயரைப் போடுங்கள் அக்கா. சட்டத்திலேயே 18 வயது நிறைந்த மூத்த பெண்தான் தலைவர் என்று இருக்கிறது. கையில் இருக்கிற, ரீசார்ஜ் நிற்காத நம்பரைக் கொடுங்கள். மாமனார் கார்டில் நீங்கள் பட்ட பாடு பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைக்கும் வரக்கூடாது. கதவு எண்ணைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி அடிக்கச் சொல்லுங்கள், லைன் வீட்டில் 4/7 என்பதற்கும் 47 என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஆய்வாளர் திரும்பிப்போன கதை எனக்கே இரண்டு தெரியும்.

மதுரை அக்கா:

தங்கச்சி, எனக்கும் இதே கதைதான் நடந்தது, அதனால் படித்ததும் வயிறு எரிந்தது. நானும் ஒற்றை அறை, இட்லிக் கடையில் வேலை. முதல் தடவை தள்ளுபடி ஆனபோது நமக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான் என்று ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஒரு வருஷம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்லித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் விண்ணப்பத்துக்கான கள ஆய்வு அறிக்கையின் நகல்" என்று ஒரே வரி கேட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்த நகலில் வீட்டில் மூன்று பேர் என்று எழுதியிருந்தது, நாங்கள் ஐந்து பேர். வேறு வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! அதைக் கையில் வைத்துக்கொண்டு போனதும் பேச்சே மாறிவிட்டது.

மறு ஆய்வுக்கு வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு வந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்தார், அடுப்புக்குப் பின்னால் சுவரில் கரி ஏறியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். "எத்தனை மாசமா இங்க சமைக்கிறீங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். கார்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போடாதே, உட்கார வைத்து விஷயத்தைச் சொல். அடுத்த தடவை அவரே நல்ல சாட்சியாக நிற்பார்.

லைன்வீட்டு அம்மா:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், எல்லோருக்கும் நன்றி. ஆதாரில் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது, இதற்கு முன்னால் அதை யாருமே சொல்லவில்லை. இன்னொரு சந்தேகம். புரோக்கர் சொன்ன முன்னுரிமைக் கார்டு என்றால் என்ன? அது கிடைத்தால் அரிசி நிறைய வருமா? நாங்கள் நாலு பேர்.

பழைய வழங்கல் ஊழியர்:

கேட்டது நல்லது அம்மா, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கார்டில் படத்துக்குக் கீழே எழுத்து இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம், என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது, ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா. மூன்றுக்கும் அரிசி இலவசம், 2011 ஜூனிலிருந்து நம் ஊரில் விலை இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய் என்பதும் பொதுதான்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், முன்னுரிமைக் கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ, உச்சவரம்பு இல்லை. முன்னுரிமை இல்லாத கார்டுக்கு அதிகபட்சம் 20 கிலோ. ஏழு பேர் உள்ள வீட்டில் 35 கிலோவா 20 கிலோவா என்பது பெரிய விஷயம், அவர்கள் கட்டாயம் போராட வேண்டும். உங்களைப் போல நாலு பேர் என்றால் 5 கிலோ கணக்கிலும் வருவது 20தான். அதற்காகப் புரோக்கரிடம் மூவாயிரம் கொடுப்பது அநியாயம். அந்தியோதயாவுக்கு மட்டும் ஆள் கணக்கே இல்லை, வீட்டுக்கு 35 கிலோ. ஆதரவற்ற விதவைகள், மாற்றுத்திறனாளிகள், வருமானமே இல்லாத முதியவர்கள் மாதிரி ரொம்பக் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அது. உங்கள் தெருவில் அப்படி யாராவது என்.பி.எச்.எச். கார்டு வைத்திருந்தால் அவர்களையும் மனுவோடு முகாமுக்குக் கூட்டிப் போங்கள், பல பேருக்குத் தங்கள் கார்டில் என்ன எழுத்து இருக்கிறது என்பதே தெரியாது.

முன்னுரிமைக்கு யார் வர முடியாது என்று 2017இல் விதி வந்தது. வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், வீட்டில் ஏ.சி. உள்ளவர், மூன்று அறைக்குக் குறையாத கான்கிரீட் வீடு உள்ளவர், வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளவர், இப்படிப் பட்டியல் போகும். அதைப் பார்த்துவிட்டுக் கார்டே கிடைக்காது என்று அப்போது ஊரெல்லாம் பயந்தார்கள். அது முன்னுரிமைக்கு மட்டும்தான், அரிசிக் கார்டு எல்லோருக்கும் தொடர்ந்தது.

இ-சேவை நண்பன்:

அக்கா ஒன்று விட்டுப்போச்சு. சின்னவனுக்கு ஆதார் எடுத்தாச்சா? இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழோடு வாருங்கள். அவன் பெயரை இப்போதே சேர்த்துவிடுங்கள், பிறகு தனியாகச் சேர்ப்பது இன்னொரு அலைச்சல். அண்ணனுக்குச் சுமை தூக்கித் தூக்கிக் கைரேகை தேய்ந்திருந்தால் கடையில் மெஷின் ரேகையை எடுக்காமல் போகலாம், கருவிழியை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், அந்த வசதி வந்துவிட்டது.

லைன்வீட்டு அம்மா:

இன்றைக்குக் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆதாரில் முகவரி மாற்றக் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அண்ணனிடமும் பேசினேன், அவருக்கு ரொம்பச் சங்கடமாகப் போய்விட்டது, ஆய்வுக்கு வந்தால் நானே கூட்டிவந்து காட்டுகிறேன் என்கிறார். முதலாவது வீட்டுப் பாட்டியின் கார்டை வாங்கிப் பார்த்தேன், என்.பி.எச்.எச். என்றுதான் இருக்கிறது, தனியாக இருக்கிறவர், முதியோர் ஓய்வூதியம் மட்டும்தான் வருமானம். இரண்டாவது சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பாட்டிக்கு மனு எப்படி எழுதுவது என்று யாராவது ஒரு மாதிரி போட்டுத் தர முடியுமா?