ரெஜிஸ்டரை மேப் செய்யப் போய் பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வைஃபை கார்டுக்கு டிரைவர் எழுதிப் பழகலாம் என்று இறங்கினேன். லினக்ஸ் கெர்னலில் ஏற்றும் சின்ன மாட்யூல்தான்: பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் ரெஜிஸ்டர் பரப்பை (கார்டைக் கட்டுப்படுத்தும் மதிப்புகள் இருக்கும் இடம்) மெமரி போலத் தொடும்படி மேப் செய்து, சிப் பதிப்பைப் படித்து, அச்சிட வேண்டும்.

கார்டின் கான்ஃபிக் பகுதியில் ஹெக்ஸ் 10-இல் தொடங்கி ஆறு பார் (பேஸ் அட்ரஸ்) ரெஜிஸ்டர்கள் வரிசையாக இருக்கும். கார்டு எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவைதான் சொல்லும். அதுவரை நான் படித்த டிரைவர்கள் எல்லாம் பார் 0-ஐயே எடுத்தன. நானும் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்த எண்ணை, மெமரி முகவரியை மேப் செய்து தரும் ஐஓரீமேப் ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். மாட்யூலை ஏற்றியதும் கெர்னல் பதிவில் நீளமாக ஒரு வசவு: நீ கேட்கும் இடத்தில் இருப்பது ரேம், மேப் செய்ய மாட்டேன். கார்டைக் கேட்டால் ரேம் எங்கிருந்து வந்தது?

அரை நாள் போனபிறகுதான் பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விவரத்தோடு ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. ரீஜன் 0, அதாவது பார் 0: ஐஓ போர்ட், 256 பைட். ரீஜன் 2: மெமரி, 64 கேபி. நான் மெமரி முகவரி என்று நினைத்தது வெறும் போர்ட் எண், மெமரியோடு சேராத தனி எண்வரிசை! அந்த எண்ணை மெமரி முகவரியாக எடுத்துக்கொண்டால் முதல் ஒரு எம்பிக்குள் இருக்கும் சாதாரண ரேமில் போய் விழும். ரியல்டெக் வைஃபை கார்டுகளுக்கான லினக்ஸின் ஆர்டிடபிள்யூ88 டிரைவரைத் திறந்தால் அங்கே பார் எண் 2 என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். போர்ட்டா மெமரியா என்று தானே பார்த்துக்கொள்ளும் பிசிஐ ஐஓமேப் என்ற ஃபங்ஷன் இருப்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

* * *

உங்களுக்காவது கெர்னல் திட்டியது. எனக்கு அதுவும் இல்லை. மேப் ஆனது, படித்தது, எல்லாம் சரி. லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினேன், அதன்பின் எந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் ஹெக்ஸில் எட்டு எஃப் (FFFFFFFF).

கார்டு பதில் சொல்லாவிட்டால் பிசிஐ பிழை என்று எதுவும் சொல்லாது, 32 பிட்டையும் 1 ஆக்கிக் கையில் கொடுத்துவிடும். கார்டு அழைக்கும்போது ஓடும் என் இன்டரப்ட் ஹேண்ட்லர் அதைப் பார்த்து, உலகத்தில் உள்ள எல்லா இன்டரப்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதாக நம்பிக் குதித்தது. தூங்கி எழுந்ததில் கமாண்ட் ரெஜிஸ்டரின் மெமரி பிட் (கார்டை மெமரி முகவரிகளுக்குப் பதில் சொல்ல அனுமதிப்பது) அணைந்து போயிருந்தது, நான் அதைத் திரும்பப் போடவில்லை. ஏத்தெரோஸ் கார்டுகளுக்கான ஏடிஎச்9கே டிரைவரில் எட்டு எஃப் வந்தால் அது போலி இன்டரப்ட் என்று தனியாகப் பெயர் வைத்தே ஒதுக்குகிறார்கள். சூடுபட்டவர்கள் எழுதியது போல!

கார்டு விழித்திருந்தாலும் உள்ளே வைஃபை வேலையைக் கவனிக்கும் மேக் பகுதி தூங்கலாம், அது வேறு கதை. இன்டெல் கார்டுகளுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் ஹெக்ஸ் 24-இல் ஒரு பிட்டைப் போட்டு அனுமதி கேட்டு, கிளாக் தயார் என்ற பிட் வரும்வரை காத்திருந்துதான் உள் ரெஜிஸ்டர்களைத் தொடுகிறது.

* * *

யூஎஸ்பி டாங்கிள்காரன் நான். எங்களுக்கு மேப்பே கிடையாது. ரியல்டெக் டாங்கிள்களுக்கான ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ டிரைவரில் ஒவ்வொரு ரெஜிஸ்டர் படிப்பும் ஒரு கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர், அதாவது யூஎஸ்பி வழியே போய்வரும் ஒரு கேள்வி பதில்: ரிக்வெஸ்ட் எண் 5, ரெஜிஸ்டர் முகவரி வேல்யூ ஃபீல்டில். பதில் வரும்வரை தூங்கிக் காத்திருக்க வேண்டும். பிசிஐ பழக்கத்தில் அதை, பிடித்திருக்கும்போது தூங்கவே கூடாத ஸ்பின்லாக் என்ற பூட்டுக்குள் அழைத்தேன். அப்புறம் கெர்னல் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

* * *

என்னுடையது அச்சிட்டால் ஓடும், அச்சை எடுத்தால் ஓடாத ரகம். ரீசெட் பிட்டை எழுதி, 10 மைக்ரோ செகண்ட் காத்து, பிட்டை விடுவிப்பேன். சில நேரம் சிப் ரீசெட்டே ஆகாது. நடுவில் ரெஜிஸ்டரைப் படித்து அச்சிடும் ஒரு வரி போட்டால் ஒழுங்காக ஓடியது. நேரம்தான் காரணம் என்று காத்திருப்பை 50 ஆக்கினேன், 100 ஆக்கினேன். இரண்டு வாரம் போனது.

கடைசியில்தான் புரிந்தது: பிசிஐ-யில் ரெஜிஸ்டருக்கு எழுதுவது போஸ்ட் ஆகிப் போகிற விஷயம். சிபியு எழுதிவிட்டு நகர்ந்துவிடும், எழுதியது வழியில் உள்ள பஃபரில் நிற்கலாம். நான் காத்த நேரமெல்லாம் கார்டுக்கு இன்னும் சேதியே போகாத நேரம். அதே கார்டிலிருந்து ஒன்றைப் படித்தால் முன்னால் எழுதியவை போய்ச் சேர்ந்த பிறகே பதில் வரும். அச்சு வேலை செய்யவில்லை, அதற்குள் இருந்த படிப்புதான் வேலை செய்திருக்கிறது. இப்போது அந்த இடத்தில் ரெஜிஸ்டரைப் படிக்கும் ஒரு ரீட்எல் ஃபங்ஷன் நிற்கிறது, அது தரும் மதிப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. தேவையில்லாத வரி என்று யாரும் நீக்கிவிடாதபடி மேலே மூன்று வரிக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.