புதுப்பிப்பு: ஆட்டுக்கு ஐந்தாவது ஊசியும் போட்டாச்சு

பக்கத்துத் தெரு வளர்ப்பு நாய் எங்கள் சினையாட்டைத் தொடையில் கடித்துக் குதறியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். ஆடு பிழைத்துக்கொண்டது, குட்டி தங்கவில்லை. அன்றே காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினோம். அப்புறம் 0, 3, 7, 14, 28ஆம் நாள் கணக்கில் வெறிநோய்த் தடுப்பூசி.

அந்தப் பதிவைப் படித்த சிலர் போலீசுக்குப் போகச் சொன்னீர்கள். ஆனால் வளர்ப்பு விலங்கைக் கவனமாகக் கட்டுப்படுத்தாதவரைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 291ஆம் பிரிவு மனிதருக்கு வரும் ஆபத்தைத்தான் பேசுகிறது. ஆட்டுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் சிவில் வழக்குதான். “சங்கிலி அறுந்துபோச்சு, நான் என்ன பண்ண?” என்ற நாயின் சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர்கள் பேசியபின் மருந்துச் செலவைக் கொடுத்தார். இழந்த குட்டிக்கு எதுவும் தரவில்லை.

நாய்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டைத் திறந்துபோட்டவர்மேல்தான். இப்போதும் குரைப்புச் சத்தம் கேட்டால் ஆடு சுவரோடு ஒட்டி நின்று நடுங்குகிறது.