சென்னை மழைக்கும் வெயிலுக்கும் டிஃப்யூசரில் என்ன எண்ணெய் கலப்பது?

தாம்பரம்_தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். போன தீபாவளிக்குத் தம்பி ஒரு டிஃப்யூசர் வாங்கித் தந்தான். வீட்டில் வாசம் பரப்பும் கருவி. 200 மில்லி தண்ணீர் பிடிக்கும், அதில் எண்ணெய்ச் சொட்டு விட்டால் மேலே குளிர்ந்த ஆவி வருமே, அந்த வகை. கூடவே பன்னிரண்டு சின்னக் குப்பிகளில் எசன்ஷியல் ஆயிலும் (செடிகளிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்), பருவத்துக்கு ஒரு கலவை சொல்லும் புத்தகமும் வந்தன.

நவம்பரில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து இலையுதிர் காலக் கலவை போட்டேன். பட்டை, கிராம்பு, ஆரஞ்சு, மொத்தம் எட்டுச் சொட்டு. வெளியே மூன்றாம் நாளாக அடைமழை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, ஹாலில் கொடி கட்டித் துணி காய்கிறது. அரை மணி நேரத்தில் வீடு முழுக்கக் காட்டமான நெடி. மாமியாருக்கு வீசிங் உண்டு, அவர் இருமத் தொடங்கிவிட்டார். உடனே நிறுத்தி, மழைச்சாரல் அடித்தாலும் பரவாயில்லை என்று பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். அதிலிருந்து அந்த டிஃப்யூசர் அலமாரியில்தான் இருக்கிறது.

நமக்கு இலையுதிர் காலமே கிடையாது. ஐப்பசி மழை, மார்கழிப் பனி, சித்திரை வெயில் இவற்றுக்கு ஏற்ற கலவை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தையும் இருக்கிறாள். இன்னொன்று, மல்லிகை எண்ணெய் 10 மில்லி 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பம்மல்வாசி

மாமியாருக்கு வீசிங் இருக்கிறது என்றால் முதலில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். எனக்கும் ஆஸ்துமா உண்டு. ஊதுவத்தி, ரூம் ஸ்பிரே எதுவுமே ஆகாது. சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆளுக்கு ஆள் மாறும்.

கோத்தகிரி_மகள்

தேன்மொழி, பம்மல்வாசி சொன்னதுதான் முதல் படி. டாக்டர் சரி என்ற பிறகு மீதியைப் பாருங்கள்.

நான் பிறந்தது கோத்தகிரி பக்கம். அப்பா நீலகிரித் தைலம் காய்ச்சியவர். ஓடையோரம் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஆள் உயர அண்டா. தைல மரத்து இலையை அதில் கொட்டி, ஏறி மிதித்து நிரப்புவார்கள். மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைப்பார்கள். ஆவி போகும் குழாய் ஓடைத் தண்ணீர் நிற்கும் தொட்டிக்குள் முங்கி வெளியே வரும். அதன் நுனியில் தண்ணீரும் தைலமும் ஒன்றாகச் சொட்டும், தைலம் மட்டும் மேலே மிதக்கும். காய்ந்த சக்கைதான் மறுநாள் அடுப்புக்கு விறகு. அப்பா எங்களைக் குப்பியில் மூக்கை வைத்து முகர விடமாட்டார். காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு, கொட்டகைக்கு வெளியே போய்க் காற்றில் பிடித்து முகரச் சொல்வார். பக்கத்தில் வைத்து முகர்ந்தால் காரம்தான் தெரியும், வாசம் தெரியாது என்பார்.

கல்யாணமாகி அம்பத்தூர் வந்து இருபது வருடம் ஆகிறது. இன்றும் கலவை செய்யும்போது அப்பா சொன்னபடிதான் செய்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்வேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண்ணெய். மூன்று துண்டைச் சேர்த்துப் பிடித்து விசிறி, முழங்கை தூரத்தில் முகர்ந்து பார்ப்பேன். பிடித்தால்தான் சொட்டு எண்ணிக் குப்பியில் கலப்பேன். எண்ணெய் வீணாவதில்லை. பத்து நிமிடம், ஒரு மணி நேரம், மறுநாள் காலை என்று மூன்று முறை முகர்ந்தால் எது முதலில் பறக்கும், எது தங்கும் என்று தெரிந்துவிடும். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். லாவெண்டர் நடுவில் நிற்கும். வெட்டிவேர் மறுநாளும் அட்டையில் இருக்கும்.

உங்களுக்கு நவம்பரில் நடந்ததற்குப் பட்டையும் கிராம்பும் மட்டும் காரணமில்லை. மழை நாளில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. இந்த வகை டிஃப்யூசர், அடியில் இருக்கும் சிறு தட்டு நொடிக்குப் பல லட்சம் தடவை அதிர்ந்து, தண்ணீரைத் துளித்துளியாக்கி மேலே தள்ளுகிறது. அடைத்த வீட்டில் இன்னும் ஈரம் சேர்கிறது, நெடியும் வெளியே போக வழியில்லை. அதில் எட்டுச் சொட்டு மிக அதிகம். பட்டை எண்ணெய் தொண்டையையும் மூக்கையும் அரிக்கக் கூடியது. வீசிங் இருக்கும் வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நான் தண்ணீர் டிஃப்யூசரை ஓட்டுவதே குறைவு. மெருகு பூசாத சிறிய சுடுமண் அகலில் மூன்று சொட்டு விட்டு, ஹாலில் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவேன். எலுமிச்சைப்புல் 1, லாவெண்டர் 1, ஆரஞ்சு 1. ஈரத்துணி வாடைக்கு எலுமிச்சைப்புல் நன்றாகக் கேட்கும். ஆனால் வாடையை மறைப்பது வேறு, பூஞ்சையைப் போக்குவது வேறு. சுவரில் கறுப்பு படிந்திருந்தால் அதைத் துடைத்து உலர்த்தத்தான் வேண்டும்.

மார்கழி, தையில் ஆரஞ்சு 2, குந்திரிக்க எண்ணெய் (குப்பியில் ஃபிராங்கின்சென்ஸ் என்று இருக்கும்) 1, ஏலக்காய் 1. விடியற்காலைக் கோயில் வாசலில் நிற்பது போல இருக்கும். என் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். சாம்பிராணி வாசம் வேண்டும் என்று சிலர் சாம்பிராணிப் பிசின் கரைசலை ஊற்றுகிறார்கள். அது கெட்டி, தட்டில் ஒட்டி அடைத்துக்கொள்ளும், வேண்டாம். போகி அன்று வெளியே புகை சூழ்ந்திருக்கும்போது உள்ளே எதுவும் போடாமல் இருப்பதே நல்லது.

மாசி, பங்குனி என்றால் எனக்கு மரிக்கொழுந்து. அது பூக்கும் காலமும் அதுவே. எண்ணெய் விலை அதிகம், ஆனால் ஒரே ஒரு சொட்டு போதும். ஆரஞ்சு 3 சேர்த்தால் உலர்ந்த பழமும் பச்சை இலையும் கலந்த ஒரு இனிப்பு வரும். முதல் தடவை அட்டையில் முகர்ந்தபோது, எங்கள் ஊர்ச் சந்தையில் அம்மா பூக்காரியிடம் ஒரு கொத்து வாங்கித் தலையில் செருகிக்கொண்டது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சித்திரை, வைகாசிக்கு வெட்டிவேர் 1, ஆரஞ்சு 2, ஸ்பியர்மின்ட் 1. நாம் சட்னி அரைக்கும் புதினா ஸ்பியர்மின்ட் வகைதான். பெப்பர்மின்ட் வேறு, அதில் மென்தால் அதிகம். சின்னக் குழந்தை இருக்கும் அறையில் அது கூடாது. ஆடியில் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும், டிஃப்யூசரைத் துடைத்து வைத்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தைலம் காய்ச்சியவர் மகள்தான் சொல்கிறேன்: இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டு டிஃப்யூசரில் நீலகிரித் தைலம் விடாதீர்கள். அதில் சினியோல் என்ற பொருள்தான் பெரும்பகுதி. சிறு குழந்தைகளின் மூச்சை அது பாதிக்கலாம். குப்பியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. கற்பூரத்துக்கும் இதே கதைதான், வலிப்பு வரைக்கும் போகும். எல்லாக் குப்பிகளையும் பூட்டி வையுங்கள்.

மல்லிகை எண்ணெய் 10 மில்லி 150 ரூபாய்க்கு வர வழியே இல்லை. மல்லிகையை ஆவியில் காய்ச்சி எடுக்க முடியாது, சூட்டில் வாசம் கெட்டுவிடும். கரைப்பானில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவில் ஒன்றிரண்டு கிலோதான் தேறும். உங்களுக்குக் காட்டியது செயற்கை வாசனைத் திரவம். மல்லிகை வேண்டுமா, அரை முழம் வாங்கி மேசைமேல் கிண்ணத்தில் போடுங்கள்.

பூனைவீடு

இதைப் படிக்கும் பூனைக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பல எண்ணெய்களில் இருக்கும் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் மிக மோசம். டிஃப்யூசரிலிருந்து வரும் துளிகள் ரோமத்தில் படியும், பூனை அதை நக்கி விழுங்கும். எங்கள் வீட்டில் பூனை வந்த அன்றே எல்லா எண்ணெயையும் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

தாம்பரம்_தேன்மொழி

கோத்தகிரி அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. டாக்டரிடம் கேட்டோம். மாமியார் இருக்கும் அறையில் வேண்டாம், வேறு அறையில் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கலாம், மூச்சு இறுகினால் நிறுத்திவிடுங்கள் என்றார். இப்போது வெயில் தொடங்கிவிட்டதால் வெட்டிவேர்க் கலவை செய்ய ஆசை. ஆனால் குப்பியைக் கவிழ்த்தால் வெட்டிவேர் எண்ணெய் சொட்டவே மாட்டேன் என்கிறது. டிஃப்யூசரின் அடியிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. வீட்டில் போர் தண்ணீர்தான். எத்தனை நேரம் ஓட்டலாம்?

கோத்தகிரி_மகள்

வெட்டிவேர் அப்படித்தான், தேன் போல இருக்கும். குப்பியை மூடியோடு ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள், இளகும். அவசரப்பட்டுத் தட்டினால் நாலைந்து சொட்டு ஒன்றாக விழுந்து கலவையே கெட்டுவிடும். தனியாக டிஃப்யூசரில் விட்டாலும் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கலந்துவிடுங்கள். வெட்டிவேர் 10 சொட்டு, ஆரஞ்சு 20, ஸ்பியர்மின்ட் 10. ஏறக்குறைய இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் இரண்டு மில்லி வரும். உள்ளங்கையில் உருட்டி, ஒரு வாரம் இருட்டில் வையுங்கள். தனித்தனியாகத் தெரிந்த மூன்று வாசமும் அதற்குள் ஒன்றாகிவிடும். அதிலிருந்து 200 மில்லி தண்ணீருக்கு மூன்று அல்லது நான்கு சொட்டு போதும். ஆரஞ்சு எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும், அதை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளைப் படிவு போர் தண்ணீரின் உப்பு. அந்தத் தட்டு உப்பையும் சேர்த்துத்தான் காற்றில் தள்ளும், டிவி மேல் வெள்ளைத் தூசியாக உட்காருவதும் அதுதான். மூச்சுத் தொந்தரவு உள்ளவர் வீட்டில் அது வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். படிந்ததை எடுக்க, சமையல் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தட்டின் மேல் ஐந்து நிமிடம் வைத்து மெதுவாகத் துடையுங்கள். கத்தி, கம்பி நார் எதுவும் படக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியால் துடைத்துத் திறந்து வையுங்கள்.

நேரம்: முதல் நாள் இரண்டே சொட்டு, பத்து நிமிடம், கதவு திறந்திருக்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த நாள் இருபது. அரை மணிக்கு மேல் ஒரே ஓட்டாக நான் ஓட்டுவதில்லை. மூக்கு பழகிப்போய், வாசம் போய்விட்டது என்று தோன்றும், உடனே இன்னும் நாலு சொட்டு விடத் தோன்றும். அப்போது விடாதீர்கள். மாடிக்கு ஒரு நடை போய் வாருங்கள், திரும்பி வந்து கதவைத் திறந்ததும் தெரியும்.

தாம்பரம்_தேன்மொழி

ஒரு வாரம் காத்திருந்து நேற்று சாயங்காலம் போட்டேன் அக்கா. படுக்கையறையில் இரண்டு சொட்டு, பத்து நிமிடம், ஜன்னல் திறந்து. குழந்தையைக் கீழே விளையாட அனுப்பியிருந்தேன். மாமியார் ஹாலில் இருந்தார், இருமல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யார் பானையில் வெட்டிவேர் போட்டது?" என்று கேட்டார். அவர் சின்ன வயதில் கடலூர்ப் பக்கம் இருந்தவர். அங்கே வெயில் காலத்தில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்களாம். ராத்திரி சாப்பிட்டு முடிக்கும் வரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். மரிக்கொழுந்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், மாசியில் கலக்கலாம் என்று.