72 வயது மாமியாரை முதல்முறையாக ஃப்ராங்க்ஃபர்ட் கூட்டிப்போகிறேன். யோசனை சொல்லுங்கள்

லண்டன் மருமகள்:

வணக்கம். என் கணவர் யூதர். அவருடைய அம்மா லண்டனில் பிறந்து வளர்ந்தவர். ஐரோப்பா முழுக்கச் சுற்றியிருக்கிறார், ஜெர்மனியைத் தவிர. விமானம் மாறுவதற்காக ஒரு மணி நேரம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்க வேண்டும் என்றாலும் வேறு டிக்கெட் போடச் சொல்லிவிடுவார்.

காரணம் அவருடைய அம்மா, அதாவது என் கணவரின் பாட்டி. 1928இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 1939இல், யூதப் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு அனுப்பிய கிண்டர்டிரான்ஸ்போர்ட்டில் ஏற்றிவிட்டார்கள். அப்போது வயது 11. பெற்றோரை 1941 அக்டோபர் 19 அன்று போலந்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த லோட்ஸ் கெட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. பாட்டி கடைசிவரை பிள்ளைகளிடம் ஜெர்மன் பேசியதில்லை. சில்லறை எண்ணும்போது மட்டும் தன்னையறியாமல் வந்துவிடுமாம். ஊரைப் பற்றி அவர் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி படுத்திருந்தால் மிருகக்காட்சிசாலைச் சிங்கம் கத்துவது கேட்கும்.

இப்போது மாமியாரே "போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா" என்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்டோபர் 17 வெள்ளி காலை இறங்கி 20 திங்கள் மாலை கிளம்புகிறோம். கணவருக்கு லீவு இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

எதை முதலில் காட்டுவது? வெள்ளி மாலை ஜெப ஆலயத்துக்குப் போக முடியுமா? கழுத்தில் எப்போதும் தாவீது நட்சத்திரச் சங்கிலி போட்டிருப்பார், அதைக் கழற்றச் சொல்ல வேண்டுமா? பழைய வீட்டு முகவரி கையில் இருக்கிறது. கதவைத் தட்டலாமா?

ஓஸ்ட்எண்ட்வாசி:

மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் என்றால் அது எங்கள் ஓஸ்ட்எண்ட். 13 வருடமாக இங்கேதான் இருக்கிறேன். போருக்கு முன் யூதர்கள் நிறைய வாழ்ந்த பகுதி இது. கதவைத் தட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அநேகமாகக் கதவே இருக்காது. 1944 மார்ச் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டம். அதே எண்ணில் ஐம்பதுகளில் கட்டிய ஒரு மூன்று மாடி அடுக்ககம் நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். முதலிலேயே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

உங்கள் தேதிகளில் ஒரு சிக்கல். யூதத் தெரு அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதன் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டம் ஓய்வுநாளான சனிக்கிழமை திறக்காது, அதற்கான சாவியும் அருங்காட்சியகக் கவுன்டரில்தான் வாங்க வேண்டும். ஆக ஞாயிறுதான் நிதானமாகப் பார்க்க ஏற்ற நாள், அதாவது 19ஆம் தேதி. தெரிந்தேதான் இந்தத் தேதிகளைத் தேர்ந்தெடுத்தாரா?

அருங்காட்சியகத்துக்குள் பழைய யூதத் தெருவின் ஐந்து வீடுகளின் அஸ்திவாரம் இருக்கிறது. 1462இல் யூதர்களை அந்த ஒரே சந்துக்குள் அடைத்தார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் அங்கேதான் இருக்க வேண்டியிருந்தது. 1987இல் நகராட்சி ஒரு அலுவலகம் கட்டத் தோண்டியபோது இவை வெளிப்பட்டன. பெரிய போராட்டத்துக்குப் பிறகு ஐந்தை மட்டும் காப்பாற்றி, அதே அலுவலகத்தின் அடித்தளத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் மாமியாருக்கு முக்கியம் உள்ளே இருப்பதல்ல, வெளியே உள்ள கல்லறைச் சுவர். அதற்கு டிக்கெட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். கொல்லப்பட்ட ஃப்ராங்க்ஃபர்ட் யூதர்கள் ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு உலோகக் கட்டை, சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பதினோராயிரத்துக்கும் மேல். அகர வரிசையில் இருப்பதால் குடும்பப் பெயர் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். யூதர்கள் கல்லறையில் நினைவாகக் கூழாங்கல் வைப்பார்களே, அது வைக்கிற அளவுக்கு இடம் உண்டு. கையோடு இரண்டு கல் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே கீழே கிடப்பது ஜல்லிதான்.

வெஸ்ட்எண்ட் ஜெப ஆலயம் 1910இல் கட்டியது. 1938 நவம்பரில் நாஜிகள் ஜெப ஆலயங்களை எரித்த பிறகும், ஊரின் பெரிய ஆலயங்களில் நின்றது அது ஒன்றுதான். வெள்ளி மாலை வழிபாட்டுக்கு முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யுங்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். வாசலில் ஆயுதத்தோடு போலீஸ் நிற்கும். 2019இல் ஜெர்மனியின் ஹாலே நகர ஜெப ஆலயத்துக்கு, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று ஒருவன் துப்பாக்கியோடு வந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது பூட்டியிருந்த ஒரு மரக் கதவு. அதனால் அந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல முடியாது.

சங்கிலி விஷயம்: சட்டைக்குள் போட்டுக்கொள்கிறவர்களையும் தெரியும், வெளியே தெரியப் போடுகிறவர்களையும் தெரியும். 72 வயதுப் பெண்மணிக்கு நீங்களும் நானும் சொல்ல என்ன இருக்கிறது?

பயணப்பிரியன்:

தப்பா எடுத்துக்காதீங்க சகோ, வயசானவங்களைக் கூட்டிப்போய் ஏன் அழ வைக்கணும்? ஹைடல்பெர்க் கோட்டை, ரைன் நதியில் படகு என்று ஜாலியாகச் சுற்றிக் காட்டுங்கள். பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

ஓஸ்ட்எண்ட்வாசி:

பயணப்பிரியன், அவரை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. அவரே கேட்டு வருகிறார். படகு அடுத்த தடவை.

ஜெர்மன் டீச்சர்:

இரண்டு இடங்களைச் சேர்க்கிறேன்.

ஒன்று, அந்த 19ஆம் தேதி ரயில் கிளம்பிய இடம். கிழக்கே பெரிய காய்கறிச் சந்தை மண்டபம் இருந்தது. அதன் நிலவறையில் ஆட்களை அடைத்துவைத்து, பக்கத்துத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். இப்போது அங்கே ஐரோப்பிய மத்திய வங்கி. நிலவறைக்குள் போக யூத அருங்காட்சியகம் நடத்தும் சுற்றுலாவில் பதிய வேண்டும். வெளியே உள்ள நினைவிடத்தை எப்போதும் பார்க்கலாம். நடைபாதையில் அன்றைக்கு இருந்தவர்கள் எழுதிய வரிகளைக் காங்கிரீட்டில் பொறித்திருக்கிறார்கள். ஜெர்மன் தெரிந்தால் தாங்குவது கஷ்டம். அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

இன்னொன்று யாரும் அதிகம் சொல்லாதது. ரயில் நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் நடுவே 2021இல் கிண்டர்டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். யாயெல் பர்தானா என்ற கலைஞர் செய்தது. பூங்காவில் இருக்கிற குழந்தைகள் ராட்டினம் மாதிரியே இருக்கும். ஆனால் தள்ளினால் லேசில் சுற்றாது. உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயரைப் பொறித்து அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் பதிக்கும் பித்தளை இடறுகற்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 10 செ.மீ. சதுரம், குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. கொள்ளுத்தாத்தா வீட்டு வாசலில் இல்லையென்றால் கேட்டுப் பதிக்கலாம். ஆனால் காலில் மிதிபடுகிற இடத்தில் பெயரா என்று வருத்தப்படும் யூதர்களும் உண்டு. நீங்களாக ஏற்பாடு செய்துவிட வேண்டாம்.

லண்டன் மருமகள் (பத்து நாள் கழித்து):

போய்வந்தோம். தேதி தெரிந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறார். விமானத்தில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

வெள்ளி மாலை ஆலயத்தில் அவர் யாரிடமும் பேசவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை. சந்தை மண்டபத்தை டாக்சியில் கடந்தோம். இறங்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். ராட்டினத்தில் மட்டும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பையன்கள் வந்து தள்ளிப் பார்த்துவிட்டு, சுற்றவில்லை என்று போய்விட்டார்கள்.

ஞாயிறு, சுவர். எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கட்டைகளும் அடுத்தடுத்து. மாத்திரை டப்பாவில் இரண்டு கல் கொண்டுவந்திருந்தார், லண்டனில் அவர் அம்மாவின் கல்லறையிலிருந்து எடுத்தது. ஆனால் தாத்தாவின் கட்டைமேல் ஏற்கெனவே ஒரு கல் இருந்தது. யார் வைத்தது? எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. அதை நகர்த்தாமல் பக்கத்தில் தன்னுடையதை வைக்கப் பார்த்தார், இடம் போதாமல் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

வீடு இல்லை, ஓஸ்ட்எண்ட்வாசி சொன்ன மாதிரியே அடுக்ககம். மாடி மட்டும் நாலு. கீழே சைக்கிள்கள். மிருகக்காட்சிசாலை வாசலில் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றோம். டிராம் சத்தம்தான்.

திங்கள் காலை ஹோட்டலுக்குப் பக்கத்து பேக்கரியில் நான் இங்கிலீஷில் ஆரம்பிப்பதற்குள் இவர் இரண்டு விரலைக் காட்டி "ஸ்வா" என்றார். கல்லாவில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "என் பாட்டி இப்படித்தான் சொல்வாங்க" என்றாளாம். அப்புறம் சில்லறையைக் கையில் கொட்டி இவர் ஜெர்மனிலேயே எண்ணினார், அவளும் கூடவே எண்ணினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பன் சூடாக இருந்தது.

ஜெர்மன் டீச்சர்:

இரண்டுக்கு நான் வகுப்பில் சொல்லித்தருவது "ஸ்வை". "ஸ்வா" ஃப்ராங்க்ஃபர்ட் பேச்சு வழக்கு, அதுவும் பழைய ஆட்கள் வாயில்தான் வரும். முடிந்தால் ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லச் சொல்லி ரெக்கார்ட் செய்து அனுப்புங்களேன். என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

லண்டன் மருமகள்:

கேட்டேன் டீச்சர். பத்து வரைக்கும் சொன்னார். ரெக்கார்ட் செய்யக் கூடாதாம்.