குழந்தைப் பால் குறிப்பு: தமிழ் தெரிந்த நர்ஸ், டயட்டீஷியன் உதவி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் தாய்மாருக்காக ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுகிறோம். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

முதலாவது, ஹார்மோன். தாய்ப்பாலில் பசியடக்கும் லெப்டினும் பசி தூண்டும் கிரெலினும் சிறிதளவு உண்டு. 100 மில்லியில் புரதம் ஏறக்குறைய 1 கிராம்தான். குழந்தைகளுக்கான பவுடர் பாலில் பொதுவாக அதைவிடக் கூடுதல். கூடுதல் புரதம் இன்சுலினையும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் உயர்த்துகிறது; எடையும் வேகமாக ஏறுகிறது. ஆயாமார் "கொழுகொழுன்னு இருக்கு" என்று மெச்சுவதில் இதற்கும் பங்குண்டு! புட்டிப்பால் கொடுக்கும் தாய் மனம் நோகாமல் இதை எப்படி எழுதுவது?

இரண்டாவது, புட்டி. எங்கள் கணிப்பில் பவுடரைவிடப் பெரிய கோளாறு, புட்டி காலியாகும்வரை ஊட்டுவது. உறிஞ்சல் மந்தமாகும், மூடிய கை விரியும், தலை திரும்பும்; வயிறு நிறைந்ததன் அடையாளம் அது. மிச்சம் 20 மில்லியானாலும் கொட்டிவிட வேண்டும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைப் படுக்கைவாட்டில் வைத்து, இடையிடையே தாழ்த்தி நிறுத்தி ஊட்டும் முறைக்கு வாயில் நிற்கும் தமிழ்ப் பெயர் சொல்லுங்கள்.

கலக்கும் முறை எழுதியாயிற்று: முதலில் தண்ணீர், பிறகு பவுடர், கரண்டியை மட்டமாக வழித்து. குவித்துப் போட்டால் புரதமும் உப்பும் ஏறும். தண்ணீர் கூடினால் குழந்தை இளைக்கும்.

ரோடு டு ஹெல்த் என்ற குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தின் எடைக் கோட்டைத் தமிழில் விளக்கிப் பழகியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், வரைவை அனுப்புகிறோம்.