ஊர்க்குளத்தில் நீச்சல் பழகும் பிள்ளைகள், மூளை அமீபா: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

களியக்காவிளை அப்பா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில். வீட்டுக்குப் பின்னால் ஊர்க்குளம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. பள்ளிக்கூடம் அடைத்ததும் என் தம்பிதான் இரண்டு பேரையும் கூட்டிப்போய் நீச்சல் பழக்குகிறான். மகன் இப்போது படித்துறையில் ஏறி நின்று தலைகுப்புறச் சாடும் அளவுக்கு வந்துவிட்டான்.

மனைவியின் அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் நெய்யாற்றின்கரையில் இருக்கிறார். 2024-ல் அந்தப் பக்கம் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு இந்த மூளை அமீபா நோய் வந்து ஒருவர் இறந்தாரே, அதிலிருந்து அவர்கள் வீட்டில் யாரும் குளத்தில் கால் வைப்பதில்லை. போன் பண்ணும்போதெல்லாம் இதே பேச்சு. "அதெல்லாம் கேரளா சமாச்சாரம்" என்கிறான் தம்பி. "செக்போஸ்டில் அமீபாவை மறித்துத் திருப்பி அனுப்புவார்களா" என்கிறாள் மனைவி. இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

நான் கேட்பது இவ்வளவுதான். குளத்தை அடியோடு நிறுத்த வேண்டுமா? வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இது அதுவா, சாதாரணக் காய்ச்சலா என்று எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் வந்ததை இங்கே ஒட்ட வேண்டாம், எல்லாம் எனக்கும் வந்துவிட்டது.

அருமனை லேப் அக்கா:

தம்பி, நான் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் மைக்ரோபயாலஜி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. நோயாளியின் முகத்தைவிட அவர் முதுகிலிருந்து எடுத்த தண்ணீரை அதிகம் பார்த்தவள். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் குடிக்கிற விஷயம். இந்த நோய் தண்ணீர் குடித்து வராது. சீதபேதி கொடுக்கும் அமீபா வேறு இனம், அது மனிதக் குடலை நம்பிப் பிழைப்பது. இது மனிதனே இல்லாவிட்டாலும் குளத்திலும் மண்ணிலும் பாக்டீரியாவைத் தின்று தன்பாட்டுக்கு வாழும். பெயர் நெக்லேரியா ஃபௌலேரி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு ஆஸ்பத்திரியில் ஃபௌலர், கார்ட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் 1965-ல் இதனால் வரும் நோயை முதன்முதலாக எழுதினார்கள்.

வழி மூக்குதான். மூக்கின் மேல்கூரையில் சல்லடை போலத் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. வாசனை நரம்பின் நுனிகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. தலைகுப்புறச் சாடும்போதும் முங்கும்போதும் தண்ணீர் பலமாக மேலே ஏறுகிறது. அதில் அமீபா இருந்தால் அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே மூளைக்குப் போய்விடும். உங்கள் மகன் படித்துறையிலிருந்து சாடுகிறான் என்று எழுதினீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையை வெளியே வைத்துக் குளிக்கும் பாட்டிக்கு இந்தப் பயம் அநேகமாகக் கிடையாது.

அடுத்தது சூடு. இந்த அமீபாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் பிடிக்கும், 46 டிகிரி வரை தாங்கி வளரும். குளிர்ந்தால் கூடு கட்டிக்கொண்டு அடிச்சேற்றில் கிடக்கும். நம் ஊரில் பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறை அணையை அடைத்தால் சானலில் (கால்வாயில்) தண்ணீர் நின்றுவிடும், ஏப்ரல் மே மாதங்களில் குளம் இறங்கி முழங்கால் ஆழத்தில் வெயிலில் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு லீவும் அப்போதுதான். அந்தக் கலங்கலில் சேற்றைக் கிளறிக்கொண்டு விளையாடுவதுதான் இருப்பதிலேயே மோசம். ஜூனில் அணை திறந்து மழையும் பிடித்து, குளம் நிறைந்து மறுகால் பாயும்போது நிலைமை வேறு. ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. திற்பரப்பு அருவியில் விழுகிற தண்ணீரில் நிற்பதும் தேங்கின குளத்தில் முங்குவதும் ஒன்றல்ல. கடலில் இது வாழாது, முட்டத்துக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ போனால் அலையை மட்டும் பாருங்கள்.

இனி காய்ச்சல். குளித்து 1 முதல் 12 நாளுக்குள் தெரியும், பெரும்பாலும் 5 நாள் சுமாரில். பலமான தலைவலி, காய்ச்சல், வாந்தி. அப்புறம் கழுத்து விறைக்கும், வெளிச்சம் பார்க்க முடியாது, பேச்சு குழறும், வலிப்பு வரும். முதல் இரண்டு நாளில் சாதாரணக் காய்ச்சலிலிருந்து இதைப் பிரித்தறிய உங்களால் முடியாது, டாக்டராலும் முடியாது. இதைத்தான் நான் எழுத வந்தேன்: பிரித்துக் காட்டுவது குளம்தான். "இன்ன தேதியில் இன்ன குளத்தில் முங்கிக் குளித்தான்" என்று டாக்டர் கேட்காமலே நீங்கள் சொல்ல வேண்டும்.

ஏன் என்றால், முதுகுத்தண்டு நீரை லேபுக்கு அனுப்பினால் அது பார்ப்பதற்கு அப்படியே பாக்டீரியா மூளைக்காய்ச்சல் போலவே இருக்கும். வெள்ளணு ஏறியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும். ஆனால் சாயம் போட்டுப் பார்த்தால் பாக்டீரியா ஒன்றும் இருக்காது. சாயம் போடும் முறையிலேயே அமீபா சிதைந்துபோகும், நமக்குக் கண்ணில் படாது. சாயம் போடாமல் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து உடனே பார்த்தால்தான் அது நகர்வது தெரியும். நகராவிட்டால் அதுவும் ஒரு வெள்ளணு மாதிரியே இருக்கும். அந்த ட்யூபை யாராவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் குளிரில் அசைவு நின்றுவிடும், காரியம் கெட்டது. குளம் என்ற ஒரு வார்த்தை டாக்டரின் சீட்டில் இருந்தால் நாங்கள் பார்க்கும் முறையே மாறும். இத்தனை வருடத்தில் வயது, ஊர், பெட் நம்பர் எல்லாம் ஒழுங்காக எழுதி வந்த சீட்டுகளில் இந்த ஒரு வார்த்தை வந்தது அபூர்வம். வெளியே வராண்டாவில் நிற்கும் மாமன்மாருக்கெல்லாம் பையன் எங்கே குளித்தான் என்று தெரிந்திருக்கும். உள்ளே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

2024-ல் கோழிக்கோடு மாவட்டம் பையோளியில் 14 வயதுப் பையன் ஒருவன் இதில் பிழைத்தான். அவன் அப்பா இந்த நோயைப் பற்றி முன்பே படித்திருந்ததால், குளத்தில் குளித்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். மருந்து சீக்கிரம் ஆரம்பமானது. ஆம்போடெரிசின், அதோடு மில்டெஃபோசின். இரண்டாவது மருந்து பீகார் பக்கம் காலா அசார் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரைதான்.

பயமும் அளவோடு இருக்கட்டும். அமெரிக்காவில் 1962 முதல் 2024 வரை மொத்தம் 167 பேருக்குத்தான் வந்திருக்கிறது. அதில் பிழைத்தவர் 4 பேர் என்பது வேறு கதை. அபூர்வம், ஆனால் வந்தால் கொடூரம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

பூதப்பாண்டி அண்ணாச்சி:

அக்கா எழுதினதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாங்கள் எல்லாம் பழையாற்றிலும் குளத்திலும் எருமையோடு சேர்ந்து முங்கினவர்கள். எருமைக்கும் ஒன்றும் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. இப்போது குளத்தை ஒழுங்காகத் தூர்வாருவது கிடையாது, பாதியை ஆக்கிரமித்தாயிற்று, மீதியில் ஆகாயத்தாமரை. அதைப் பேசாமல் பிள்ளைகளைக் குளத்துக்கே போகாதே என்று சொன்னால், நாளைக்கு நீந்தத் தெரியாத பிள்ளை தவறி விழுந்து சாகும். அமீபாவில் செத்தவர்களைவிடத் தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் நம் ஜில்லாவில் ஒருபாடு அதிகம்.

அருமனை லேப் அக்கா:

அண்ணாச்சி, கடைசி வரிக்கு என் ஓட்டு. நீச்சலை நிறுத்தச் சொல்லி நான் எழுதவே இல்லை. தூர்வாருவதும் சரிதான். அழுக்குக் குளத்தில் பாக்டீரியா அதிகம், அமீபாவுக்கு அது சாப்பாடு. எருமை விஷயத்தில் மட்டும் ஒன்று. அந்தக் காலத்தில் பிள்ளைக்கு ஜன்னி கண்டு மூன்றே நாளில் போய்விட்டால், மூளைக்காய்ச்சல் என்பார்கள், இல்லையென்றால் பேய் அடித்தது என்பார்கள். யார் ஸ்லைடு போட்டுப் பார்த்தார்கள்? கேரளத்தில் இப்போது எண்ணிக்கை கூடியதற்கு, மூளைக்காய்ச்சல் என்று வருகிறவர்களை இதற்காகவும் சோதிப்பது ஒரு காரணம். அங்கே உலகக் கணக்கைவிட அதிகம் பேர் பிழைப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

களியக்காவிளை அப்பா, கிணறு பாக்கி இருக்கிறது. குடிக்கலாம். ஆனால் அதே தண்ணீரை மூக்கில் ஏற்றக் கூடாது. 2025-ல் கோழிக்கோட்டில் மூன்று மாதக் குழந்தை ஒன்று இந்த நோயில் இறந்தது. குளத்துக்குப் போகிற வயதா அது? வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் என்று சொன்னார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முகத்தில் மடார் என்று ஊற்றாதீர்கள், மூக்கை ஊதிச் சுத்தம் செய்கிறேன் என்று தண்ணீர் விடாதீர்கள்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். சந்தேகம் இருந்தால் இரட்டிப்பு. 2 மீட்டர் அகலம், 4 மீட்டர் தண்ணீர் உள்ள உறைக்கிணறு என்றால் சுமார் 12,500 லிட்டர் வரும், அதற்கு 30 கிராம் சொச்சம். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும், மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடி வரை இறக்கி ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தொடக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பது சௌகரியம். மாடியில் இருக்கும் டேங்கையும் தேய்த்துக் கழுவுங்கள், வெயிலில் அந்தத் தண்ணீர் கொதிக்கிற சூட்டில் அல்லவா இருக்கிறது.

தோவாளைப் பெண்:

மூளையை மட்டும் பேசுகிறீர்கள், கண்ணையும் சொல்லட்டுமா. இது அகாந்தமீபா என்ற வேறொரு அமீபா, அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு நடவு நேரத்தில் வயலில் சேறு கண்ணில் தெறித்தது. சானல் தண்ணீரை அள்ளிக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். நாலைந்து நாளில் கண் சிவந்து, வலி என்றால் அப்படி ஒரு வலி. பார்க்கிற சிவப்புக்கும் அவர் துடிக்கிற துடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் காட்டிய இடத்தில் ஹெர்பிஸ் வைரஸ் என்று மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. பிறகு மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆரம்பத்தில் ராவும் பகலும் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. நானும் அம்மாவும் அலாரம் வைத்து முறை போட்டு விட்டோம். மாதக்கணக்கில் போனது. பார்வை இப்போது இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு, ராத்திரியில் பைக் ஓட்ட மாட்டார்.

வெளிநாட்டில் இது கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் நோய் என்கிறார்கள். அப்பா லென்ஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நம் பக்கம் வயலில் வேலை செய்கிறவர்களுக்குச் சேறு, உமி பட்டு வருவதுதான் அதிகம் என்று அந்த டாக்டரே சொன்னார்.

அருமனை லேப் அக்கா:

நல்ல வேளை சொன்னாய் தங்கச்சி. அந்த அமீபாவின் கூடு நெக்லேரியாவுடையதைவிட முரடு, சாதாரண அளவு குளோரினுக்கு அசையாது. அதனால்தான் மருந்தும் அத்தனை மாதம். லென்ஸ் போடுகிறவர்கள் குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவக் கூடாது, போட்டுக்கொண்டு குளிக்கவும் கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இதே அமீபா மூளைக்கும் போகும், ஆனால் நாள்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில் மெல்ல.

தக்கலைக்காரன்:

ஒரு சந்தேகம். நாங்கள் தினம் ஐந்து வேளை தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது (கை, முகம், கால் கழுவும்போது) மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்துவோம். எங்கள் பள்ளிவாசலில் ஒளு செய்யும் ஹவுள் திறந்த தொட்டி. இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா? கேட்கவே தயக்கமாக இருந்தது.

அருமனை லேப் அக்கா:

தயக்கம் என்னத்துக்கு, கேட்க வேண்டிய கேள்வி. கராச்சியில் நீச்சல் பக்கமே போகாத பெரியவர்களுக்கு இது வந்திருக்கிறது. குளோரின் சரியாக இல்லாத குழாய்த் தண்ணீரில் ஒளு செய்ததைத்தான் அங்கே சந்தேகப்படுகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேசி ஹவுளை அடிக்கடி வடித்துத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், குளோரின் போட்டு அளவு பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரை மூக்குக்கு மட்டும் தனியாக ஒரு சொம்பில் வைத்துக்கொள்ளலாம். யோகா வகுப்பில் ஜலநேத்தி (மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவுவது) செய்கிறவர்களுக்கும் இதேதான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

களியக்காவிளை அப்பா:

அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி. தம்பியை உட்கார வைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். மே மாதம் குளம் கிடையாது, அணை திறந்து குளம் நிறைந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாம், மூக்கில் கிளிப் மாட்டாமல் சாடக் கூடாது என்று பேசி முடித்தோம். மனைவி அரை மனதாகச் சம்மதம். கிளிப் மார்த்தாண்டத்தில் கிடைக்குமா?

பூதப்பாண்டி அண்ணாச்சி:

நாகர்கோவிலில் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேளுங்கள். பேரனுக்கு அங்கேதான் வாங்கினேன். ரப்பர் வைத்ததாகப் பார்த்து வாங்கவும், வெறும் பிளாஸ்டிக் வழுக்கி விழுந்துவிடும்.