வாப்பாவுக்கு எம்.என்.டி. நோய் என்று யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

தறிக்காரர் மகள், மருதமுனை:
வாப்பா 40 வருசம் கைத்தறியில் இருந்தவர். போன நோன்புக்குப் பிறகு, இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியவில்லை என்றார். வலது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. நரம்புச் சோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "எம்.என்.டி., மோட்டோர் நியூரோன் நோய். தசையை இயக்கும் நரம்புகள் செத்து, கை கால், பேச்சு, மூச்சு எல்லாம் மெல்ல மெல்லப் போகும். மருந்தில்லை. இரண்டு மூன்று வருசம்" என்றார். அதற்குள் அடுத்தவருடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாப்பா உள்ளே கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்புப் பலவீனம் என்று சொல்லிப்போட்டேன். காக்கா (அண்ணன்) சொல்லவே வேண்டாம் என்கிறார். நேற்று ராத்திரி வாப்பா கையை லைட்டுக்கு நேரே பிடித்து, "மகள், இந்தச் சதை ஏன் துடிக்குது?" என்று கேட்டார். என்ன சொல்ல?

ஓய்வுபெற்ற நர்ஸ், கல்லடி:
தங்கச்சி, அந்த வராந்தாப் பேச்சை நினைக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது. இப்படிச் செய்தியைச் சொல்வதற்கென்றே புற்றுநோய் மருத்துவர்கள் 2000 இல் ஆறு படி எழுதி வைத்தார்கள். நோயாளியோடு தனியிடத்தில் உட்கார வேண்டும். அவருக்கு என்ன விளங்கியிருக்கிறது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று பேசாமல் அனுப்பக் கூடாது.

"மருந்தில்லை" என்பதும் முழு உண்மையில்லை. குணப்படுத்தாது, ஆனால் ரிலுசோல் என்ற மருந்து ஆயுளைச் சில மாதம் கூட்டித் தரும். மூச்சுக்கு மாஸ்க் மெஷின், சாப்பாட்டுக்கு வயிற்றுக் குழாய் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 வருசம்தான், ஆனால் பத்தில் ஒருவர் 10 வருசத்தைத் தாண்டுகிறார். டொக்டரிடம் தனியாக நேரம் கேளுங்கள், வாப்பாவிடம் அவரே தமிழில் சொல்லட்டும். அதற்கு முன் வாப்பா கேட்டால் பொய் வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மகன்:
அம்மாவுக்கும் இதே நோய். அவரிடம் எட்டு மாதம் மறைத்தோம். அதற்குள் பேச்சுப் போய்விட்டது. மூன்று நாள் எதையோ சொல்லத் தவித்தார். எழுத்து அட்டையில் கண்ணால் காட்டக் காட்டச் சேர்த்துப் படித்தோம்: சீட்டுக் காசு 12,000 யாருக்கோ கொடுக்க வேண்டும். பெயருக்கு வருவதற்குள் களைத்துவிட்டார். அந்தப் பெயரை இன்னும் தேடுகிறேன். வாப்பாவுக்கு நாக்கு இருக்கும்போதே சொல்லுங்கள் தங்கச்சி. மூச்சு மெஷின் வேண்டுமா, வேண்டாமா என்பதை அவரே சொல்ல வேண்டும்.

தறிக்காரர் மகள், மருதமுனை:
நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு தறிப் பலகையில் அவர் பக்கத்தில் இருந்தேன். "எவ்வளவு தெரிய வேண்டும் வாப்பா?" என்றேன். "முழுசா" என்றார். சொன்னேன். நெடுநேரம் பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, கிளினிக் எப்ப? மிச்சத்தை நான் டொக்டரிடம் கேட்கிறேன். நீ கொப்பியில் எழுது" என்றார். இதுவரை ஏழு கேள்வி எழுதியிருக்கிறோம்.